எல்லாமே ப்ராஜெக்ட் இல்லை

மதுரை இலந்தைக்குளம் எல்காட் ஐ.டி. வளாகத்தில் வேலை முடித்து மாட்டுத்தாவணிப் பக்கம் வரும் பிள்ளைகளிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். "ப்ராஜெக்டில் இருக்கிறேன்" என்பார்கள். இன்னும் கொஞ்சம் கிண்டினால், இரவு ஷிப்டில் சர்வரைக் கவனிப்பது, டிக்கெட் என்ற பெயரில் புகார் வந்தால் தீர்ப்பது, தகவல்களை நகலெடுத்து வைக்கும் பேக்கப் ஓடியதா என்று பார்ப்பது. இது பராமரிப்பு. நல்ல, அவசியமான வேலை. அதைப் பராமரிப்பு என்று சொல்ல மேலாளர்கள்தான் கூச்சப்படுகிறார்கள்.

ப்ராஜெக்ட் என்றால் ஒருநாள் முடிய வேண்டும். முடியும்போது முன்பு இல்லாத ஒன்று மிஞ்ச வேண்டும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியது. அதற்காக அலுவலகக் கணினிகளை 11க்கு மாற்றியது ப்ராஜெக்ட். மாதந்தோறும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை வரும் பேட்சை, அதாவது மென்பொருள் திருத்தத்தை, போடுவது பராமரிப்பு. மீனாட்சியம்மன் கோயிலில் 2009இல் நடந்த கும்பாபிஷேகம் வேறு, அன்றாட பூஜை வேறு என்பது மதுரைக்காரர்களுக்கா தெரியாது?

ப்ராஜெக்டுக்கு பட்ஜெட் உண்டு, பாராட்டு உண்டு, கேக் வெட்டுவதும் உண்டு. பராமரிப்பவரை ஏதாவது நின்றுபோனால்தான் தேடுவார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள் அங்கே எப்படித் தங்குவார்கள்? புது மென்பொருளை ஏற்றிவிட்டுக் குழு கலைந்துவிடும். பேக்கப்பை ஒருமுறையாவது மீட்டுப் பார்த்தார்களா என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது.

இணையதளம் அசல்தான் என்று பிரவுசருக்குக் காட்டும் எஸ்எஸ்எல் சான்றிதழையே எடுத்துக்கொள்ளுங்கள்; காலம் முடிவதற்குள் அதைப் புதுப்பிக்க வேண்டும். அதிகபட்சம் 398 நாள் செல்லுபடியான காலத்தில், ஆண்டுக்கொரு முறை கூட்டம் போட்டு, எக்செல் திறந்து, அதையும் ப்ராஜெக்ட் என்று கணக்கெழுதிய அலுவலகங்களை நான் அறிவேன். சான்றிதழ் வழங்குவோரும் பிரவுசர் நிறுவனங்களும் சேர்ந்த மன்றம் 2025 ஏப்ரலில் அந்த உச்சவரம்பைப் படிப்படியாகக் குறைக்க முடிவெடுத்தது: 2026 மார்ச் 15 முதல் 200 நாள், மறுஆண்டு மார்ச்சில் 100, 2029 மார்ச்சில் 47. இனி எத்தனை கூட்டம் போடுவார்கள்? புதுப்பித்தலைத் தானாக நடக்கும்படி அமைத்துக் கொடுங்கள். அந்த அமைப்பு வேலைதான் ப்ராஜெக்ட், அதற்கு முடிவும் உண்டு. அப்புறம் அது ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ள ஒருவர் எப்போதும் வேண்டும்.

அந்த ஒருவரின் பெயரும் அவருக்கான சம்பளத் தொகையும் ப்ராஜெக்ட் தொடங்கும்போதே கோப்பில் இருக்க வேண்டும். இல்லாத கோப்பை நான் திருப்பி அனுப்பிவிடுகிறேன். மேலே இருப்பவர்களுக்கு என்மீது கோபம்தான், இருக்கட்டும்.