இரும்புச்சத்து மாத்திரையால் குழந்தை கறுக்காது

"இரும்புச்சத்து மாத்திரை போட்டால் குழந்தை கறுப்பாகப் பிறக்கும், தலை பெருத்து ஆபரேஷன்தான். முருங்கைக்கீரையே போதும்." கும்பகோணம், மன்னார்குடி பக்கம் வாட்ஸ்அப்பில் சுற்றும் இந்தச் செய்தி தவறு.

பிள்ளையின் நிறம் தாய் தகப்பன் மரபணுவில் வருவது. மாத்திரை போடுபவருக்கு மலம்தான் கறுப்பாகப் போகும். உடம்பு எடுத்துக்கொள்ளாத இரும்பு அப்படி வெளியேறுகிறது, பயமில்லை. தலையையும் அது பெருக்க வைக்காது. மாறாக, இரும்புச்சத்து குறைந்து ரத்தசோகை முற்றினால் குறைமாதப் பிரசவம், எடை குறைந்த குழந்தை என்று ஆபத்து வரும். குனிந்து நடவு நடும் பெண்ணுக்கு மூச்சு வாங்கினால் "மசக்கை" என்று விட்டுவிடுகிறோமே, அதுதான் எனக்குக் கவலை.

கீரை நல்லதுதான், தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் கீரையிலுள்ள இரும்பில் கொஞ்சம்தான் உடம்பில் சேரும். கர்ப்பகாலத் தேவைக்கு அது போதாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உண்டு. நாலாம் மாதத்திலிருந்து தினம் ஒன்று, குறைந்தது 180 நாள். பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள். ஃபில்டர் காபியோடு விழுங்காதீர்கள், காபி இரும்பைச் சேரவிடாது. எலுமிச்சைச் சாறு உதவும். கால்சியம் மாத்திரைக்கு இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். குமட்டினால் சாப்பாட்டுக்குப் பிறகு போடலாம்.

அப்புறம், ஃபோலிக் அமிலத்தைக் குழந்தைக்குத் திட்டமிடும்போதே தொடங்க வேண்டும், தினம் 400 மைக்ரோகிராம். குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக் குழாய் சரியாக மூட அது உதவும்; கரு உருவாகி 28 நாளுக்குள் அந்தக் குழாய் மூடிவிடுகிறது. பலருக்கு அப்போது கர்ப்பமே தெரிந்திருக்காது.