மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் நடுவே ஒரு எலக்ட்ரான்

"நாம் பார்ப்பதால்தான் இந்த உலகமே உருவாகிறது. ஞானிகள் அன்றே சொன்னதைக் குவாண்டம் இயற்பியல் இன்று நிரூபித்துவிட்டது."

பின்னணியில் புல்லாங்குழல், திரையில் சுழலும் நீல நிற அணு, அடித்தொண்டையில் ஒரு குரல். இந்த வகை வீடியோ யார் மூலமாவது எனக்கு வந்துகொண்டேதான் இருக்கிறது. அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் நான் மதிக்கிறவர்கள். "நீங்கதான் சயின்ஸ் படிச்சவராச்சே, பாருங்க" என்று ஒரு வரியும் கூடவே வரும்.

நான் கடவுள் நம்பிக்கை உள்ளவன். காலையில் கொஞ்ச நேரம் கண்ணை மூடி உட்காராமல் என் பொழுது தொடங்காது. ஆகவே இதை நாத்திகனின் கோபமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அணு அளவிலான நுண்துகள்களின் நடத்தையைச் சொல்லும் இந்தக் குவாண்டம் இயற்பியலைத் திரித்து, ஆன்மிகத்தையும் மலிவாக்கி, இரண்டுக்கும் முடிச்சுப் போடுகிறார்களே என்கிற எரிச்சல்தான்.

முதலில் அந்தப் 'பார்ப்பதால்' சமாசாரத்தை எடுத்துக்கொள்கிறேன். எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாக இரண்டு மெல்லிய பிளவுகளை நோக்கி அனுப்பினால், பின்னாலிருக்கும் திரையில் ஒவ்வொன்றும் ஒரு புள்ளியாகத்தான் விழும். ஆயிரக்கணக்கில் விழுந்தபின் பார்த்தால், இரண்டு அலைகள் கலந்தால் வருவதுபோல வரிவரியாக ஒரு வடிவம் தெரியும். எந்தப் பிளவு வழியாகப் போனது என்று கண்டுபிடிக்க ஒரு கருவியை வைத்தால் வரிகள் மறைந்துவிடும். புள்ளி புள்ளியாக வரிகள் உருவாவதை 1989-இல் ஜப்பானில் அகிரா தோனோமுராவின் குழு படமாகவே பிடித்துக் காட்டியது. இதுவரை வீடியோவும் சரியாகத்தான் சொல்லும். அடுத்த வாக்கியத்தில் ஒரே தாவல்: "ஆக, மனித மனம் கவனித்ததும் எலக்ட்ரான் தன் நடத்தையை மாற்றிக்கொண்டது!"

மனம் எந்த வழியாக உள்ளே வந்தது?

இந்தக் கேள்விக்கு வியன்னா பல்கலைக்கழகத்தில் கிடைத்த பதிலைப்போல எனக்குப் பிடித்தது வேறில்லை. ஆன்டன் சைலிங்கர், மார்க்குஸ் ஆர்ண்ட் ஆகியோரின் குழு எலக்ட்ரானோடு நிற்கவில்லை. 60 கார்பன் அணுக்கள் பந்துபோலக் கோத்த ஒரு மூலக்கூறும் அலைபோல நடந்துகொள்வதை 1999-இல் காட்டினார்கள். அப்புறம் 70 கார்பன் அணுக்கள் கொண்ட மூலக்கூறை வைத்து ஒரு வேடிக்கை செய்தார்கள். கருவிக்குள் நுழையும் முன் அதை லேசரால் சூடாக்கினார்கள். பழுக்கக் காய்ச்சிய இரும்பு ஒளிர்வதைப்போல, சூடான மூலக்கூறும் போகிற வழியில் ஒளித்துகள்களை வெளியே விடும். அந்த ஒளித்துகளில் 'நான் இங்கிருந்து கிளம்பினேன்' என்கிற தகவல் இருக்கிறது. லேசரின் திறனைக் கூட்டக் கூட்ட, வரிகள் மெல்ல மங்கின. மூலக்கூறின் வெப்பநிலை ஏறத்தாழ 3000 கெல்வினை நெருங்கும்போது வரிகளே இல்லை. 2004-இல் இது வெளியானது.

அந்த ஒளித்துகள்களை யாரும் பிடிக்கவில்லை, யாரும் பார்க்கவில்லை. அவை கருவியின் சுவரில் மோதிப் போய்ச் சேர்ந்தன. வரிகள் மறைய அதுவே போதுமானதாக இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு இதே குழு, வெற்றிடக் குழாய்க்குள் கொஞ்சம் வாயுவை விட்டுப் பார்த்தது. வாயு மூலக்கூறுகள் மோத மோத அப்போதும் வரிகள் அழிந்தன. வாயுவுக்கு ஏது ஞானம், ஏது விழிப்புணர்வு? ஒரு துகளின் பாதை பற்றிய தடயம் சுற்றுப்புறத்தில் எங்காவது பதிந்தால் அலைத்தன்மை கலைந்துவிடும். மனிதர் வேண்டாம், கண் வேண்டாம். அந்த மங்கலின் அளவையும் முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்லியிருந்தார்கள், சோதனை அதோடு பொருந்தியது. குவாண்டத்தின் அழகே எனக்கு அங்கேதான் இருக்கிறது.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மனத்தை உள்ளே கொண்டுவந்தவர்கள் யூடியூப்காரர்கள் மட்டும் இல்லை. யூஜின் விக்னர் 1961-இல், பல சாத்தியங்களில் ஒன்றை முடிவாக்கி அளவீட்டை முடித்துவைப்பது பார்ப்பவரின் உணர்வுதான் என்று எழுதினார். சாதாரண ஆள் இல்லை, 1963-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றவர். ஆனால் பெரிய பொருள்கள் சுற்றுப்புறத்திலிருந்து ஒருபோதும் தனித்திருப்பதில்லை என்று ஜெர்மன் இயற்பியலாளர் டீட்டர் ஸே 1970-இல் காட்டிய பிறகு, அந்தக் கருத்திலிருந்து விக்னரே விலகிவிட்டார். வீடியோக்கள் 1961-ஐ மட்டும் ஞாபகம் வைத்திருக்கின்றன.

அதற்காக எல்லாப் புதிரும் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. பல சாத்தியங்களில் கடைசியில் ஏன் ஒன்று மட்டும் நம் கைக்கு வருகிறது என்கிற கேள்வி இன்னும் திறந்தேதான் கிடக்கிறது. டேவிட் போம் 1952-இல் ஒரு விளக்கம் தந்தார், ஹியூ எவரெட் 1957-இல் முற்றிலும் வேறொன்று தந்தார். இயற்பியலாளர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள். சரி, போடட்டும். விடை தெரியாத இடத்தில் எனக்குப் பிடித்த விடையை நட்டுவிட்டு, 'இதை நிரூபித்துவிட்டார்கள்' என்று பலகை மாட்டுவதைத்தான் ஏற்க முடியவில்லை.

அடுத்தது 'எல்லாம் அதிர்வு, உன் அலைவரிசையை உயர்த்து' கோஷ்டி. இவர்களுக்கு அதிக நேரம் வேண்டாம். எத்தனை ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு எத்தனை அதிர்வு என்று ஒரு கேள்வி போதும். சீசியம் அணுவைக் கேட்டால் நொடிக்கு 919 கோடியே 26 லட்சத்து 31 ஆயிரத்து 770 என்று சொல்லும். ஒரு நொடி என்பதற்கு வரையறையே அதுதான். நன்றியுணர்வுக்கு எத்தனை, பொறாமைக்கு எத்தனை, எந்தக் கருவியில் அளந்தார்கள் என்று இதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

குவாண்டம் பின்னல் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய விஷயம். ஒன்றாகப் பிறந்த இரண்டு ஒளித்துகள்களை எவ்வளவு தூரம் பிரித்தாலும், இங்கே ஒன்றை அளந்தால் வரும் விடையும் அங்கே மற்றதை அளந்தால் வரும் விடையும் விசித்திரமாகப் பொருந்திப்போகின்றன. முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டதாக விளக்கிவிடவும் முடியாது என்பதற்கு ஜான் பெல் 1964-இல் கணக்கு போட்டார். ஜான் கிளாசர் 1972-லும் அலன் ஆஸ்பே 1982-லும் வெளியிட்ட சோதனைகள் அந்த வியப்பை உறுதிப்படுத்தின. அவர்களுக்கும் சைலிங்கருக்கும் 2022-இல் நோபல் கிடைத்தது. உடனே 'பார்த்தீர்களா, எல்லா உயிரும் ஒன்று. இங்கிருந்தே அங்கே இருப்பவரைக் குணப்படுத்தலாம்' என்று கிளம்பிவிட்டார்கள்.

ஒரு முனையில் மட்டும் உட்கார்ந்திருப்பவருக்கு என்ன தெரியும்? அவர் கையில் கிடைப்பது நாணயத்தைச் சுண்டியதுபோல ஏறுமாறான விடைகள். மறுமுனையில் எதை அளந்தாலும், அளக்காமலே விட்டாலும், அவருடைய பட்டியலில் துளி மாற்றம் இருக்காது. இரண்டு பட்டியலையும் சாதாரண வழியில் அனுப்பி, பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் பொருத்தம் கண்ணுக்குத் தெரியும். சேதி அனுப்பவே முடியாத இந்த வழியில் சிகிச்சையை எப்படி அனுப்புவார்கள்?

இதில் எனக்கு மிகவும் பிடித்த கதை ஒன்று உண்டு, அது மறைஞானப் பக்கம் சாய்ந்தவர்களுக்கே பெருமை சேர்க்கும் கதை. 1970-களில் அமெரிக்காவின் பெர்க்லியில் ஒரு சிறு குழு கூடிப் பேசிக்கொண்டிருந்தது. தொலைவிலிருந்து மனத்தை அறிதல், கீழை நாட்டு ஞானம், குவாண்டம் எல்லாம் ஒரே மேசையில். அவர்களில் ஒருவரான நிக் ஹெர்பர்ட், ஒரு ஒளித்துகளை லேசரால் பல நகல்கள் எடுத்துவிட்டால் ஒளியைவிட வேகமாகச் சேதி அனுப்பலாம் என்று ஒரு கட்டுரை எழுதினார். இதழுக்காக அதை மதிப்பிட்ட இயற்பியலாளர் ஆஷர் பெரெஸுக்கு அது தப்பு என்று தெரியும். ஆனாலும் வெளியிடச் சொன்னார், தப்பு எங்கே என்று தேடினால் புதிதாக ஏதாவது கிடைக்கும் என்பதற்காக. கிடைத்தது. ஊட்டர்ஸ், சூரெக் இருவரும், தனியாக டீக்ஸும், அறியாத ஒரு குவாண்டம் நிலையை நகலெடுக்கவே முடியாது என்று 1982-இல் நிறுவினார்கள். ஒட்டுக்கேட்டால் காட்டிக்கொடுக்கும் குவாண்டம் ரகசியக் குறியீட்டுக்கு அடித்தளம் அதுதான். ஹெர்பர்ட் தன் கனவைச் சமன்பாடாக எழுதினார். எழுதியதால் அதில் ஓட்டை கண்டுபிடிக்க முடிந்தது. வீடியோக்காரர்கள் ஒருபோதும் அந்த அளவுக்கு எழுதுவதில்லை.

குவாண்டத்தின் அடிப்படைச் சமன்பாட்டைத் தந்த ஷ்ரோடிங்கரை இழுக்காமல் இந்த விவாதம் முடியாது. அவர் வேதாந்தம் படித்தார், உண்மை. 1944-இல் வந்த 'உயிர் என்றால் என்ன' நூலின் பின்னுரையில் ஆத்மாவும் பிரம்மமும் ஒன்று என்கிற உபநிடத வாக்கைத் தலைமேல் வைத்துப் பேசுகிறார், அதுவும் உண்மை. அதே பின்னுரையின் தொடக்கத்திலேயே, உடலில் நடப்பவற்றில் குவாண்டம் நிச்சயமின்மைக்கு முக்கியமான பங்கு எதுவும் இல்லை என்று சக இயற்பியலாளர்களுக்கு அழுத்திச் சொல்கிறார். சமன்பாட்டைக் கண்டுபிடித்தவரே, தன் ஞான தரிசனத்துக்கு அந்தச் சமன்பாட்டைச் சாட்சிக்கு அழைக்கவில்லை. பின்னாளில் அவர் இன்னொன்றும் சொன்னார்: உலகத்தைப் புறப்பொருளாக வைத்துப் படிக்க வேண்டும் என்பதற்காக அறிவியல் முதலிலேயே மனத்தைப் படத்திலிருந்து வெளியே எடுத்துவிடுகிறது. வெளியே எடுத்து வைத்ததைப் படத்துக்குள் தேடி 'கிடைத்துவிட்டது' என்று கூவுவதற்கும், 'இல்லவே இல்லை' என்று கைகொட்டுவதற்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இது என் பகுத்தறிவு நண்பர்களுக்கும் சேர்த்து.

நம்புவதால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பார்கள். 2021 டிசம்பரில் நெதர்லாந்தின் அணுப் பாதுகாப்பு ஆணையம் பத்துப் பொருள்களின் பெயரை வெளியிட்டு, யாரும் அணிய வேண்டாம் என்று எச்சரித்தது. 5ஜி அலைகளிலிருந்து காப்பதாகவும் உடலுக்குச் சக்தி தருவதாகவும் விற்கப்பட்ட பதக்கம், கைவளையம், தூங்கும்போது கட்டும் கண்மூடி போன்றவை. ஒன்றின் பெயரிலேயே குவாண்டம் இருந்தது. சோதித்தால் எல்லாவற்றிலிருந்தும் கதிரியக்கம். நாள் முழுக்க, வருடக்கணக்கில் தோலை ஒட்டிக் கிடந்தால் கேடு வரலாம் என்றார்கள். இதே வகைப் பதக்கங்களில் தோரியம், யுரேனியம் இருப்பதாக வேறு நாடுகளிலும் எச்சரிக்கை வந்திருக்கிறது. தோரியம் ஆல்ஃபா துகளை வெளியே தள்ளுவது, தாண்ட முடியாத தடையையும் துகள் கடந்துபோகும் குவாண்டம் ஊடுருவலால்தான், 1928-இல் ஜார்ஜ் காமோவ் விளக்கியது. ஆக, பதக்கத்தில் குவாண்டம் நிஜமாகவே வேலை செய்கிறது. கழுத்தில் போட்டவருக்குச் சாதகமாக இல்லை, அவ்வளவுதான்.

கமெண்டில் ரோஜர் பென்ரோஸ் பெயரோடு வரப்போகிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். அவர் நோபல் பரிசு பெற்றது கருந்துளை ஆய்வுக்கு. மூளைச் செல்களுக்குள் இருக்கும் நுண்குழல்களில் குவாண்டம் நிகழ்வுகள் நடக்கின்றன என்று அவரும் ஸ்டூவர்ட் ஹாமெராஃபும் சொல்வது தனி விஷயம். அங்கே அந்தக் குவாண்டம் நிலை, ஒரு நொடியைப் பத்து லட்சம் கோடி துண்டாக்கினால் ஏறத்தாழ ஒரு துண்டு நேரம்தான் தாங்கும் என்று மேக்ஸ் டெக்மார்க் 2000-இல் கணக்கிட்டார். அந்தக் கணக்கை ஹாமெராஃப் தரப்பு மறுக்கிறது. யார் சொல்வது சரி என்பது ஆய்வில் தெரியட்டும். ஆனால் பென்ரோஸே ஜெயித்தாலும், அவர் சொல்வது, பல சாத்தியங்கள் கலந்த குவாண்டம் நிலை தானாக ஒன்றாகச் சரியும்போது உணர்வு பிறக்கிறது என்று. உணர்வு பார்த்து உலகத்தைப் பிறப்பிக்கிறது என்று சொல்லும் வீடியோவுக்கு அது நேர் தலைகீழ்.