டிஸ்சார்ஜ் போட மாட்டேன் என்பதும் வைத்தியம்தான்

அகதிகளுக்காக டாக்டர்கள் வாயைத் திறந்தாலே "உங்களுக்கு எதுக்கு அரசியல், ஊசி போடுற வேலையைப் பாருங்க" என்று நாலு பேர் வந்துவிடுகிறார்கள். எரிச்சலாக இருக்கிறது.

2016 பிப்ரவரி, ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரம். தஞ்சம் கேட்டு வருபவர்களை ஆஸ்திரேலியா கொண்டுபோய் வைத்த நவ்ரு தீவு முகாமில் வெந்நீர் கொட்டிக் காயம்பட்ட ஒரு வயதுக் குழந்தை பிரிஸ்பேன் ஆஸ்பத்திரியில் இருந்தது. தாய் தகப்பன் நேபாளத்திலிருந்து தஞ்சம் கேட்டு வந்தவர்கள். சிகிச்சை முடிந்ததும் திருப்பி நவ்ருவுக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற நிலையில், பிள்ளை இருக்கத் தகுந்த இடம் கிடைக்கும்வரை டிஸ்சார்ஜ் போட மாட்டோம் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். வாசலில் ஜனங்கள் நாள்கணக்கில் நின்றார்கள், கடைசியில் அந்தக் குடும்பம் பிரிஸ்பேனிலேயே ஒரு வீட்டுக்குப் போனது. வெந்த தோலோடு ஒரு பிள்ளை எந்த இடத்துக்குப் போகப்போகிறது என்று பார்ப்பது டாக்டர் வேலை இல்லையென்றால் வேறு யார் வேலை?

இத்தனைக்கும் முந்தின வருஷம் ஜூலையில்தான் ஆஸ்திரேலியாவில் ஒரு சட்டம் வந்திருந்தது. முகாமில் வேலை பார்த்தவர் உள்ளே கண்டதை வெளியே சொன்னால் 2 வருஷம் வரை ஜெயில். டாக்டருக்கும் நர்ஸுக்கும் சேர்த்துத்தான்! அது அமலுக்கு வந்த அன்றே, நாங்கள் பேசத்தான் போகிறோம், முடிந்தால் வழக்குப் போடுங்கள் என்று அங்கே வேலை பார்த்தவர்கள் பகிரங்கமாகக் கடிதம் எழுதினார்கள். அப்புறம் டாக்டர்கள் அமைப்பு ஒன்று உயர் நீதிமன்றத்துக்கும் போனது. 2016 கடைசியில் மருத்துவப் பணியாளர்களுக்கு அரசே விலக்குக் கொடுத்தது.

டாக்டர் பேச்சைக் கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு, பப்புவா நியூ கினியில் ஆஸ்திரேலியா இதேபோல் முகாம் வைத்திருந்த மானுஸ் தீவைப் பாருங்கள். 2014இல் 24 வயது ஈரானியர் ஒருவருக்குக் காலில் தொற்று. உடனே வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றுங்கள் என்று டாக்டர் கேட்டும் அதிகாரிகளின் அனுமதிக்காகக் காத்திருந்ததில் நேரம் போய்விட்டது, ஆள் இறந்துவிட்டார். தடுத்திருக்கக்கூடிய மரணம் என்று 2018இல் விசாரணை அதிகாரி எழுதினார்.

இதற்காகத்தான் 2019 பிப்ரவரியில் மெடிவேக் சட்டம் வந்தது. இரண்டு டாக்டர்கள் பரிந்துரைத்தால் நோயாளியை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுவரலாம். கொல்லைப்புற வழி என்று அரசு கத்தியது. பாதுகாப்புக் காரணம் காட்டி மறுக்கும் அதிகாரம் அமைச்சருக்கு அதிலேயே இருந்தது, அதை மட்டும் சொல்லவில்லை. டிசம்பரில் ரத்து செய்துவிட்டார்கள். ஒரு வருஷம்கூட விட்டுவைக்கவில்லை.

2021 ஜூனில், ஆஸ்திரேலியாவுக்கே சொந்தமான கிறிஸ்துமஸ் தீவில் வைக்கப்பட்டிருந்த, தஞ்சம் கேட்ட நம் தமிழ்க் குடும்பம் ஒன்றின் சின்னப் பிள்ளையை ரத்தத்தில் தொற்றோடு பெர்த்துக்கு விமானத்தில் கொண்டுபோனார்கள். நாள்கணக்கில் காய்ச்சல், கேட்டதற்கு வலி மாத்திரைதான் கிடைத்தது என்றார்கள் பெற்றோருக்கு ஆதரவாக நின்றவர்கள். மெடிவேக் நவ்ரு, மானுஸ் மாதிரி வெளிநாட்டு முகாம்களுக்கானது, இருந்திருந்தாலும் அந்தத் தீவுக்குப் பொருந்தியிருக்காது, அது வேறு. "ஊசி மட்டும் போடுங்க" என்பவர்கள் அந்தப் பிள்ளைக்கு ஊசி எங்கே இருந்தது என்று சொல்லிவிட்டு வரட்டும், அப்புறம் அரசியல் பேசலாம்.