அழாத பிள்ளைக்கு மார்க் போடாதீர்கள்

இரண்டு நாளாகப் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. எந்தப் பதிவு என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை, உங்களில் பாதிப் பேர் அதைப் பகிர்ந்திருக்கிறீர்கள். ஒரு அம்மா தன் பையனைப் பற்றி நிரப்பிய படிவம். அடியில் சிவப்பு மையில் வட்டம் போட்ட மொத்த மார்க். அதற்குக் கீழே நூற்றுக்கணக்கில் கமெண்ட். "சைக்கோ." "இப்பவே கவனிங்க, பின்னாடி கொலைகாரன் ஆவான்." அவனுக்கு வயது ஒன்பது.

அந்தப் படிவம் எனக்குத் தெரியும். ஐந்து வருடம் முன்பு நானும் நிரப்பியிருக்கிறேன், என் மகனுக்கும் அப்போது ஒன்பது வயது. பிள்ளைகளிடம் இரக்கமின்மை, உணர்ச்சி காட்டாமை போன்ற குணங்களை அளக்க அமெரிக்க உளவியலாளர் பால் ஃப்ரிக் 2004-இல் உருவாக்கியது. 24 வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 0 (பொருந்தவே பொருந்தாது) முதல் 3 (நிச்சயமாகப் பொருந்தும்) வரை, மொத்தம் 72. மார்க் ஏற ஏற இரக்கம் குறைவு என்று கணக்கு. அதில் பாதி வாக்கியங்கள் நல்ல குணத்தைச் சொல்பவை. அவற்றுக்கு மார்க்கைத் திருப்பிப் போட்டுத்தான் கூட்ட வேண்டும். பகிரப்பட்ட படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தப்பு செய்தால் வருந்துவான் என்ற வரிக்கு அந்த அம்மா 2 போட்டிருக்கிறார். அது அப்படியே குற்றக் கணக்கில் ஏறியிருக்கிறது! பையன் வருந்துகிறான் என்று அம்மா சொன்னதையே அவனுக்கு எதிராகக் கூட்டி வைத்திருக்கிறீர்கள். தவிர, இத்தனைக்கு மேல் போனால் ஆபத்து என்று எல்லோரும் ஏற்றுக்கொண்ட ஒரு எல்லைக்கோடே அந்தப் படிவத்துக்குக் கிடையாது.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். பெற்றோர் நிரப்பும் படிவத்தில் பதிவாவது அந்தப் பெற்றோர் அன்றைக்குப் பார்த்த பிள்ளை. அவ்வளவுதான்.

என் கதையைச் சொல்கிறேன். என் மாமனார் இறந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. சாவு வீட்டில் என் மகன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. "தாத்தா தூக்கி வளர்த்த பிள்ளை, கல்லு மாதிரி நிக்குது பாரு" என்று ஒரு உறவுக்காரப் பெரியம்மா எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். அப்புறம் பள்ளியில் ஒரு பையனைத் தள்ளிவிட்டான், அவனுக்கு உதடு கிழிந்தது. பள்ளியில் மனநல ஆலோசனை தரும் கவுன்சிலர் அந்தப் படிவத்தைக் கொடுத்தார். அன்று ராத்திரி பாத்திரம் கழுவிவிட்டு உட்கார்ந்து நிரப்பினேன். உணர்ச்சியை வெளியே காட்டமாட்டான் என்ற வரிக்கு 3 போட்டபோது என் காதில் கேட்டது பெரியம்மாவின் குரல்தான். புண்படுத்தியவர்களிடம் மன்னிப்புக் கேட்பானா என்றும் இருந்தது. எங்கள் வீட்டில் யார் யாரிடம் வாயால் மன்னிப்புக் கேட்டிருக்கிறோம்? தங்கையை அடித்துவிட்டால் தன் தட்டிலிருக்கும் முறுக்கை உடைத்துப் பாதியை அவள் தட்டில் வைப்பான். அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

நான் போட்டது 43. என் கணவர் தனியாக நிரப்பியது 26. ஒரே பிள்ளை, ஒரே வீடு, ஒரே ராத்திரி.

ஒரு மாதம் கழித்துத்தான் கவனித்தேன். மாமனாரின் பழைய டிரான்சிஸ்டர் அலமாரியில் சும்மா கிடந்தது. தினமும் தூங்கப் போகும் முன் இவன் அதன் பின்மூடியைத் திறந்து, இரண்டு பேட்டரியையும் வெளியே எடுத்துப் பக்கத்தில் படுக்க வைத்துவிட்டுப் போவான். காலையில் திரும்பப் போடுவான். சார்ஜ் இறங்கிவிடும் என்று தாத்தா அப்படித்தான் செய்வார். யாரும் கேட்காத ரேடியோவுக்கு அவன் அதைச் செய்துகொண்டிருந்தான். நான் அவனுக்கு 3 போட்டிருந்தேன்.

"அப்போ ஆராய்ச்சி எல்லாம் பொய்யா?" என்று சிலர் வருவீர்கள். பொய் என்று நான் சொல்லவே இல்லை. ஆராய்ச்சியே உங்களைவிட நிதானமாகப் பேசுகிறது. 1987-இல் அமெரிக்க உளவியலாளர் ஆக்கன்பாக் குழுவினர் 119 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். பெற்றோர், ஆசிரியர் என்று வெவ்வேறு இடத்திலிருந்து பார்ப்பவர்கள் ஒரே பிள்ளையைப் பற்றிச் சொல்வது எந்த அளவு ஒத்துப்போகிறது? முழுப் பொருத்தம் 1 என்றால், சராசரி 0.28. மனநலக் கோளாறுகளைக் கண்டறிய மருத்துவர்கள் பயன்படுத்தும், 2013-இல் வந்த டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்கக் கையேடும் படிவத்தைப் பார்த்து முத்திரை குத்தச் சொல்லவில்லை. முதலில் நடத்தைக் கோளாறு இருக்கிறது என்று உறுதியாக வேண்டும். அதற்கு மேல் நான்கு அறிகுறிகளில் குறைந்தது இரண்டு, குறைந்தது 12 மாதம், ஒன்றுக்கு மேற்பட்ட சூழல்களில் தெரிய வேண்டும். பலரிடம் விசாரிக்க வேண்டும். ஒரு ஸ்கிரீன்ஷாட்டில் இதெல்லாம் எங்கே இருக்கிறது?

"நிஜமாகவே அப்படிப்பட்ட பிள்ளைகள் உண்டு" என்பீர்கள். உண்டு, அந்த வீடுகள் படும் பாடும் தெரியும். சரி, அவர்களுக்காவது இந்தக் கூச்சல் உதவுமா? அப்படிப்பட்ட பிள்ளைகளிடம் தண்டனை அவ்வளவாக எடுபடுவதில்லை, பாராட்டும் பரிசும் எடுபடுகிறது என்று ஆஸ்திரேலியாவில் ஹாஸ், டாட்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2005-லேயே காட்டினார்கள். நீங்கள் கமெண்டில் கொடுப்பது எது?

கடைசியாக, "அம்மா பாசமா வளர்த்திருந்தா இப்படி ஆகுமா" என்று எழுதியவர்களுக்கு. 561 தத்துக் குடும்பங்களை வைத்து அமெரிக்காவில் செய்த ஆய்வு 2016-இல் வந்தது. இரக்கமின்மைக்கு, பெற்ற தாயிடமிருந்து பரம்பரையாக வரும் ஆபத்து, வேறு வீட்டில் வளர்ந்த தத்துப் பிள்ளையிடமும் தெரிந்தது. வளர்த்த தாயின் பாராட்டும் அரவணைப்பும் அதைத் தணிக்கவும் செய்தது. பாசம் உதவும் என்பதுதான் இதன் பொருள், கோளாறு வந்தால் அம்மாதான் காரணம் என்பது அல்ல. எனக்கும் இதே வசனத்தை என் வீட்டுக் கூடத்திலேயே உட்கார்ந்து சொன்னார்கள், நான் காப்பி கொடுத்துக்கொண்டே கேட்டேன். அந்த அம்மா உதவி கேட்டுத்தானே எழுதினார்? பயந்துபோய் எழுதினார். யாராவது ஒருவர் "நீங்க சாப்டீங்களா" என்று கேட்டீர்களா?

என் மகனுக்கு இப்போது பதினான்கு வயது. நேற்று அந்தப் பதிவை என் போனில் பார்த்துவிட்டு, "எனக்கும் இது போட்டீங்களாம்மா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். எவ்வளவு என்று கேட்டான். நான் சொல்லவில்லை.

பகிர்ந்தவர்கள் தயவுசெய்து அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள். பெயரை அடித்திருக்கிறீர்கள், ஆனால் வலது மூலையில் பையனின் பள்ளி அடையாள எண் அப்படியே தெரிகிறது.