48ல ரெண்டு குறையுது

(மாடி போர்ஷன். ஞாயித்துக்கிழமை காலை. கார்த்தி கீபோர்டு முன்னாடி ஒக்காந்திருக்கான். ஹவுஸ் ஓனர் கதவத் தட்டாமலே உள்ள வர்றார், கையில ஒரு பழைய டைரி.)

ஓனர்: தம்பி, ஒரு நிமிஷம் நிறுத்து. மூணு வாரமா கீழேர்ந்து கேட்டுட்டே இருக்கேன், இன்னிக்கு கேட்டே ஆகணும்னு வந்துட்டேன்.

கார்த்தி: சாரி சார், சத்தம் ஜாஸ்தியா இருந்தா ஹெட்போன் மாட்டிக்கறேன்...

ஓனர்: சத்தத்த விடு. கணக்கு இடிக்குது.

கார்த்தி: கரண்ட் பில்லா சார்?

ஓனர்: நீ வாசிக்கறியே அது. ரயில்வே ஆடிட்ல இருந்து ரிட்டயர் ஆனவன் நான், காதுல ஒரு விஷயம் திரும்பத் திரும்ப விழுந்தா தானா எண்ண ஆரம்பிச்சுடுவேன், ஃபேன் லொடக் லொடக்னு சுத்தினா அதையும் எண்ணுவேன், என் சுபாவம் அது. நீ வாசிக்கறது ஒரு சுத்துக்கு பன்னெண்டு வீடு, வீட்டுக்கு நாலு அடி, ஆக மொத்தம் 48. சரியா?

கார்த்தி: சார்! அதான் சார் ட்வெல்வ் பார் ப்ளூஸ், அமெரிக்கக் கறுப்பின மக்களோட பாட்டு முறை! நீங்க வீடுங்கறதுதான் பார்! யாரு சார் சொன்னா உங்களுக்கு?

ஓனர்: நீதான் தெனம் காலைல ஆறு மணிலேர்ந்து சொல்லிட்டிருக்கியே. (டைரியப் பிரிக்கிறார்) மொத நாலு வீட்ல ஒரே ஆளு குடியிருக்கான். அப்பறம் ரெண்டு வீட்டுக்கு இன்னொருத்தன் வர்றான், திரும்ப பழைய ஆளு ரெண்டு வீடு, அப்பறம் மூணாவதா ஒருத்தன் ஒரே ஒரு வீட்ல தலையக் காட்டிட்டு ஓடிடறான், ரெண்டாவது ஆளுக்கு ஒரு வீடு, கடைசி ரெண்டுக்கு மறுபடி மொத ஆளு.

கார்த்தி: சி, எஃப், ஜி சார். மூணே கார்டுதான், கார்டுன்னா சில கட்டைகள சேத்து அமுக்கறது.

ஓனர்: பேரு எதுவா வேணா இருக்கட்டும். 48 வரணும், உன் கணக்குல 46தான் வருது. சுத்துக்கு ரெண்டு அடி காணோம். எங்க போச்சு?

கார்த்தி: சார், இது இம்ப்ரவைசேஷன், மனசுல வர்றத அப்பப்ப வாசிக்கறது. ஜாஸ், ப்ளூஸ்னாலே சுதந்திரம் சார்.

ஓனர்: வலது கைக்கு சுதந்திரம் குடு, வேணாங்கல. இடது கை ஏன் பொய்க் கணக்கு எழுதுது? சரி, வலது கை மட்டும் என்ன வாழுதாம், அதே நாலஞ்சு கட்டையிலதான் மாடிப்படி ஏறி எறங்கற மாதிரி மேலயும் கீழயும் போயிட்டு வருது.

கார்த்தி: ஆறு சார். சி, ஈ ஃப்ளாட், எஃப், ஜி ஃப்ளாட், ஜி, பி ஃப்ளாட். ஃப்ளாட்னா அதே சுரத்துக்கு ஒரு கட்டை கீழ. ப்ளூஸ் ஸ்கேல். மூணு கார்டுல எது ஓடினாலும் இந்த ஆறும் மேல ஓரளவு ஒட்டிக்கும், அதான் வசதி, அதனாலதான் என்ன மாதிரி சோம்பேறிங்க எல்லாம் இதுலயே தங்கிடறோம்.

ஓனர்: நடுவுல பக்கத்து பக்கத்து கட்டை ரெண்ட சேத்து அமுக்கறியே, விரல் தடுமாறுதா?

கார்த்தி: அது வேணும்னே சார்! ப்ளூஸ் பாடறவங்க ஈக்கும் ஈ ஃப்ளாட்டுக்கும் நடுவுல ஒரு எடத்துல நிப்பாங்க, கிடார்னா கம்பிய இழுத்து அந்த எடத்தப் புடிச்சுடலாம், பியானோல இழுக்க என்ன இருக்கு, அதனால ஈ ஃப்ளாட்லேர்ந்து ஈக்கு சட்டுனு வழுக்கி விடறது.

ஓனர்: ஓஹோ. அப்ப நெஜமாவே தடுமாறறது எது?

கார்த்தி: மீதி எல்லாம் சார்.

ஓனர்: பேசறவன் மூச்சு விடுவான்ல? நீ விடறதே இல்லயே.

கார்த்தி: எங்க மாஸ்டரும் அதான் திட்டறார். பாட்டுல பாத்தீங்கன்னா, ஒரு வரி பாடுவாங்க, நிறுத்துவாங்க, அதே வரிய திரும்ப பாடுவாங்க, மூணாவது வரில பதில் வரும். வரிக்கு நாலு நாலு வீடு. வாய்ல பாட முடிஞ்சத மட்டும் விரல்ல வாசிங்கறார்.

ஓனர்: இதுக்கு மாஸ்டரா? எங்க வீட்டுக்கு வந்து ஒக்காரு. "பால் வாங்கினீங்களா?" நிறுத்துவா. "பால் வாங்கினீங்களான்னு கேட்டேன்." நிறுத்துவா. மூணாவது வரி, "நீங்க என்னிக்குத்தான் வாங்கிருக்கீங்க." முப்பது வருஷமா வீட்லயே ப்ளூஸ் ஓடுது, பேருதான் தெரியாம இருந்துச்சு.

கார்த்தி: (சிரிப்ப அடக்கிக்கிட்டு) சார், 1920கள்ல சிகாகோலயும் நியூயார்க் ஹார்லெம்லயும் வாடகைக்கு காசு பத்தாத கறுப்பினக் குடும்பங்க வீட்லயே பார்ட்டி வெப்பாங்க, வாசல்ல காசு வசூல் பண்ணிட்டு ஒரு பியானோக்காரர விடிய விடிய வாசிக்க விடுவாங்க, அந்த காசுல வாடகை. பைன்டாப் ஸ்மித், ஆல்பர்ட் அமன்ஸ், மீட் லக்ஸ் லூயிஸ் மூணு பேரும் சிகாகோல கொஞ்ச காலம் ஒரே வீட்லதான் குடியிருந்தாங்க. அமன்ஸும் லூயிஸும் டாக்சி ஓட்டினவங்க, 1938ல நியூயார்க்கோட பெரிய கச்சேரி அரங்கம் கார்னகி ஹால் மேடை வரைக்கும் போயிட்டாங்க சார்!

ஓனர்: மூணு பியானோக்காரன் ஒரே வீட்லயா? அந்த ஹவுஸ் ஓனர் என்ன ஆனாரு?

கார்த்தி: அவரப் பத்தி யாரு சார் எழுதப் போறா.

ஓனர்: எழுத மாட்டாங்க. எங்க கஷ்டம் எவனுக்குத் தெரியும். ஆனா ஒண்ணு கவனிச்சியா, அவங்க வாசிச்சு வாடகை குடுத்திருக்காங்க. இன்னிக்கு தேதி பதினொண்ணு.

கார்த்தி: (அவசரமா) ஜிம்மி யான்சின்னு இன்னொருத்தர் சார், பேஸ்பால் மைதானத்துல தரைய பராமரிக்கற வேலை, எந்த சுருதில ஆரம்பிச்சாலும் கடைசில ஈ ஃப்ளாட்ல கொண்டு போய்தான் முடிப்பார், அதுவே அவர் முத்திரை!

ஓனர்: எங்க செக்ஷன்லயும் ஒருத்தன் இருந்தான், எந்த ஃபைலக் குடுத்தாலும் "மேலிட உத்தரவுக்கு"ன்னுதான் முடிப்பான். நானும் அப்படித்தான், எதுல ஆரம்பிச்சாலும் வாடகைல முடிப்பேன். சரி, வாசி. ரெண்டு அடி எங்க போகுதுன்னு புடிச்சுடலாம்.

(கார்த்தி வாசிக்கிறான். ஓனர் விரல் விட்டு எண்றார்.)

ஓனர்: புடிச்சுட்டேன்! பன்னெண்டாவது வீடு. நாலு அடி இருக்க வேண்டிய எடத்துல ரெண்டு அடியோட காலி பண்ணிட்டு மொத வீட்டுக்கு ஓடற.

கார்த்தி: அங்கதான் சார் டர்ன்அரவுண்டு, ஜிய தொட்டுட்டு திரும்பணும், அந்த எடம் வந்தாலே எப்படா தப்பிப்போம்னு ஆயிடுது.

ஓனர்: நான் தட்றேன், பயப்படாம வா. ஒண்ணு... மூணு... ஒண்ணு... மூணு...

கார்த்தி: சார், இதுல ரெண்டுலயும் நாலுலயும் தட்டணும்.

ஓனர்: மொத அடிய விட்டுட்டு ரெண்டாவதுல எவனாவது தட்டுவானா? பந்தில ஒக்காந்ததும் ரசத்துலேர்ந்தா ஆரம்பிப்ப?

(திடீர்னு தரைக்கு அடியிலேர்ந்து டொக்... டொக்... டொக்...)

கார்த்தி: ஐயோ, என்ன சார் அது?

ஓனர்: ஆன்ட்டி. ஒட்டடக் குச்சியால சீலிங்க இடிக்கறா. நிறுத்தச் சொல்றா.

கார்த்தி: சார்... கேளுங்க. ரெண்டு... நாலு... ரெண்டு... நாலு... ஒரு அடி கூட தப்பல சார்!

ஓனர்: (விரல் விட்டு எண்ணிட்டே) பதினொண்ணு... பன்னெண்டு... அட, 48! கணக்கு டேலி ஆயிடுச்சுடா!

கார்த்தி: இப்ப நிறுத்திடவா சார்?

ஓனர்: (மெதுவா) நிறுத்தித் தொலைக்காத. நிறுத்தினா மேல வந்துருவா. இன்னிக்கும் நான் பால் வாங்கல.