கோல் விட்டால் உடனே மாற்றணுமா?
ஃபார்ம் இழந்த இளம் ஹாக்கி கோல்கீப்பரை உடனே மாற்றிவிடுவதே நல்லது என்று ஒரு கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. இந்திய அணியின் கோல்கீப்பராக இருந்த ஸ்ரீஜேஷ் 2017-இல் முழங்கால் காயத்தால் பல மாதம் ஆடவில்லை. அவர் காலம் முடிந்தது என்றுகூடப் பேசினார்கள். அப்புறம் டோக்கியோ ஒலிம்பிக்கில், ஜெர்மனிக்குக் கடைசி நொடிகளில் கிடைத்த பெனால்டி கார்னரை (கோலடிக்கத் தரப்படும் தனி வாய்ப்பு) தடுத்து வெண்கலத்தைக் காப்பாற்றினார்.

ஃபார்ம் சறுக்கும்போது பிள்ளைகளிடம் முதலில் மாறுவது கால்தான். பயத்தில் கோல் கோட்டோடு ஒட்டிக்கொண்டு, எடையைக் குதிகாலில் போட்டு நிற்பார்கள். பந்து கிக்கரில் (கோல்கீப்பரின் பாதக் கவசம்) பட்டு நேர் முன்னால் விழும், எதிரணிக்காரர் சும்மா தட்டிவிட்டுப் போவார். இரண்டடி முன்னே வந்து, முன்பாதத்தில் நின்று, பந்தை ஓரமாகத் தள்ளப் பழக்கினாலே பாதி சரியாகிவிடும். பெஞ்சில் உட்கார வைத்தால் இது எப்படி வரும்? தோற்ற ஆட்டத்தின் வீடியோவை அன்றைக்கே போட்டுக் காட்டாதீர்கள், பாவம்.