ஆட்டக்காரன் வீட்டுல கை நீட்டுனா கமிட்டி என்ன செய்யணும்?

காலைல டீக்கடைல ஆரம்பிச்ச பேச்சு, ராத்திரி வரைக்கும் மண்டைக்குள்ளயே ஓடிக்கிட்டு இருக்கு. அதான் இங்க எழுதுறேன், நீளமா போகும், பொறுத்துக்கங்க. ஒரு வீரர் கிரவுண்டுக்கு வெளிய தப்பு பண்ணா, அடிதடி, பொண்டாட்டிய அடிக்கிறது, பொண்ணுங்ககிட்ட அத்துமீறுறது இந்த மாதிரி, அதுக்கு லீக்கோ போர்டோ தண்டனை குடுக்கலாமா, இல்ல அது போலீஸ் கோர்ட் வேலைன்னு விட்டுடணுமா, இதான் பேச்சு. இருந்தவங்கள்ல முக்காவாசிப் பேரு "ஆட்டத்த மட்டும் பாரு மாப்ள"ன்னுட்டாங்க. அந்த இடத்துல நான் வாயத் தொறக்கல. தொறந்திருக்கணும்.

எங்க ஊரு, ராமநாதபுரம் மாவட்டத்துல மண்டபத்துக்கும் ஏர்வாடிக்கும் நடுவுல ஒரு கடற்கரை ஊரு, பேரு வேண்டாம். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், விசைப்படகு எல்லாம் கரையில கிடக்கும், வெளியூருக்கு மீன்பிடிக்கப் போன பயலுக கூட வந்துருவானுக, அப்பத்தான் நாங்க மின்னொளி கபடி வைப்போம். நான் கமிட்டியில பத்து வருஷமா இருக்கேன், நோட்டீஸ் அடிக்கிறது வசூல் பண்றது எல்லாம் என் பொறுப்பு. சில வருஷத்துக்கு முந்தி நடந்தது இது. எங்க டீம் ரைடர் ஒருத்தன், காலு பாம்பு மாதிரி, பாடிப் போனான்னா ரெண்டு பேரத் தொட்டுட்டுத்தான் திரும்புவான். அரையிறுதிக்கு முந்துன நாள் ராத்திரி பொண்டாட்டிய அடிச்சுட்டான். அந்தப் பிள்ளை பாசி எடுக்கப் போகுற பிள்ளை, விரல்ல துணியச் சுத்திக்கிட்டு பாறையில கிடக்குற பாசியப் பிடுங்கி எடுத்து குடும்பம் நடத்துது. வலது மணிக்கட்டு வீங்கி மஞ்சப்பத்து போட்டிருந்துச்சு. அந்தக் கையோட பத்து நாளைக்கு கடல்ல இறங்க முடியல, பத்து நாள் வரும்படி போச்சு.

மறுநா மத்தியானம் பிள்ளையோட அப்பா வந்தாக, பக்கத்து ஊரு. நாங்க பந்தல்ல உக்காந்து டோக்கன் எழுதிக்கிட்டு இருந்தோம். செருப்பக் கழட்டிட்டு வந்து நின்னாக. "அப்பு, நான் போலீசுக்கெல்லாம் போகல. இன்னிக்கு ஒரு ராத்திரி மட்டும் அவன வெளிய உக்கார வைங்க. ஏன் உக்காந்திருக்கான்னு ஊரு கேக்கட்டும், அது போதும் எனக்கு." அம்புட்டுத்தான் கேட்டாக.

நாங்க என்ன சொன்னோம்னா, அது புருஷன் பொண்டாட்டி சமாச்சாரம், ஆட்டத்தோட சேக்காதீகன்னு சொன்னோம். அவனக் கூப்பிட்டுக் கேட்டதுக்கு "ஆமா அடிச்சேன், அதுக்கென்ன இப்ப"ன்னான். சந்தேகத்துக்கே இடமில்ல, அவனே ஒத்துக்கிட்டான். ஆனாலும் அன்னிக்கு ராத்திரி ஆடுனான், ஃபைனலும் ஆடுனான், கோப்பைய வாங்குனான், மைக்குல "எங்கள் ஊரின் சிங்கம்"னு கத்துனாக, நானும் கை தட்டுனேன். அந்தப் பிள்ளை கூட்டத்துக்குப் பின்னாடி, குவிச்சு வச்ச வலைப் பக்கத்துல, மகன மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்துச்சு. பய மட்டும் அப்பாவப் பாத்து எந்திரிச்சு எந்திரிச்சு குதிச்சான்.

இதே கமிட்டிதான் அதுக்கு மூணு வருஷம் முந்தி, சப்ல உக்கார்ற ஒரு பயல, குடிச்சுட்டு வந்து பெரியவர் ஒருத்தர மரியாதை இல்லாம பேசுனான்னு ஒரு வருஷம் எந்தப் போட்டியிலயும் எறங்கக் கூடாதுன்னு வெளியேத்துச்சு. அந்த முடிவு தப்புன்னு நான் சொல்லல. ஆனா அவன் பாயிண்ட் எடுக்குற பயலா இருந்தா வெளியேத்தியிருப்போமா? மாட்டோம். அதான் என்னை உறுத்துது. கிரவுண்டுக்கு வெளிய நடந்ததுக்கு கமிட்டி தண்டனை குடுக்காதுன்னு ஒரு விதி எங்ககிட்ட என்னிக்குமே இருந்ததில்ல. யாருக்குக் குடுக்கலாம் யாருக்குக் குடுக்கக் கூடாதுங்குற கணக்கு மட்டும்தான் இருந்துச்சு.

ஊர்ல மட்டும் இல்ல, கோடி கோடியா பணம் பொழங்குற எடத்துலயும் இதே கதைதான். அமெரிக்காவுல என்.எஃப்.எல்.னு அவங்க ஊரு ஃபுட்பால் லீக். 2014 பிப்ரவரியில ரே ரைஸ்னு ஒரு ஸ்டார், அட்லாண்டிக் சிட்டியில ஒரு கேசினோ லிஃப்டுக்குள்ள, கட்டிக்கப் போற பொண்ண மயங்கி விழுற அளவுக்கு அடிச்சாரு. ஜூலையில லீக் குடுத்த தண்டனை ரெண்டு மேட்ச், வெறும் ரெண்டே மேட்ச். ஊரே காறித் துப்பவும் ஆகஸ்ட்ல, இனிமே வீட்டு வன்முறைக்கு முதல் தடவைன்னா ஆறு மேட்ச்னு புது விதி கொண்டாந்தாங்க. செப்டம்பர் 8ந் தேதி லிஃப்டுக்குள்ள எடுத்த வீடியோ வெளிய வந்துச்சு, அன்னிக்கே டீம் அவரத் தூக்குச்சு, லீக் காலவரையில்லாம சஸ்பெண்ட் பண்ணுச்சு. அப்புறம் மேல்முறையீட்ட விசாரிச்ச முன்னாள் நீதிபதி நவம்பர்ல அந்த சஸ்பென்ஷன ரத்து பண்ணிட்டாங்க. அவங்க என்ன சொன்னாங்கன்னா, ரைஸ் நடந்தத லீக்குகிட்ட மறைக்கல, அதே குத்தத்துக்கு ரெண்டாவது தடவை தண்டிக்க முடியாதுன்னாங்க. அதாவது லீக்குக்கு மொதல்லயே தெரியும். அடி அதே அடிதான், பிப்ரவரிக்கும் செப்டம்பருக்கும் நடுவுல மாறுனது ஒண்ணே ஒண்ணு, ஊரு கண்ணால பாத்துருச்சு.

எங்க ஊர்ல வீடியோ இல்ல, அந்தப் பிள்ளையோட மணிக்கட்டு இருந்துச்சு, அத எல்லாரும் பாத்தோம்.

நம்ம கிரிக்கெட் போர்டு பக்கம் வந்தா, 2019 ஜனவரியில ஹர்திக் பாண்டியாவும் கே.எல். ராகுலும் ஒரு டிவி பேட்டிக்காக சஸ்பெண்ட் ஆகி ஆஸ்திரேலியாவுல இருந்து திருப்பி அனுப்பப்பட்டாங்க. பொண்ணுங்களப் பத்திப் பேசுனது அசிங்கம்தான். கடைசியில ஆளுக்கு 20 லட்சம் அபராதம், அதுல பாதி பணியில இறந்த துணை ராணுவக் காவலர்கள் 10 பேரோட குடும்பத்துக்கு, மீதி பாதி பார்வையற்றோர் கிரிக்கெட்டுக்கு. பணம் போன எடம் நல்ல எடம், அதுல எனக்குக் குறை இல்ல. ஆனா பேச்சுக்கு அம்புட்டு வேகம் இருக்குற எடத்துல, கைய நீட்டுறவனுக்கு எம்புட்டு வேகம் இருக்கணும்னு எந்த லீக்கும் முன்கூட்டியே எழுதி வச்சிருக்கணுமா இல்லையா? டிவியில சத்தம் வந்தா நடவடிக்கை, சத்தம் வரலன்னா இல்லைங்குறது நியாயமே இல்ல.

சரி, எதிர்ப்பக்கம் பேசுறவங்க சொல்றதுலயும் ஒரு வலுவான விஷயம் இருக்கு, அத முழுங்கிட்டுப் போகக் கூடாது. எங்க கரையில ரேடியோவத் திருப்புனா இலங்கை ஸ்டேஷன்தான் முந்தி விழும், அக்கரை கிரிக்கெட் சேதி எங்களுக்கு உள்ளூர் சேதி மாதிரி. இலங்கை வீரர் தனுஷ்க குணதிலக 2022 நவம்பர்ல, டி20 உலகக் கோப்பை நேரத்துல, சிட்னியில பாலியல் வழக்குல கைதானாரு, இலங்கை போர்டு ஒடனே எல்லா ஆட்டத்துல இருந்தும் சஸ்பெண்ட் பண்ணுச்சு. 2023 செப்டம்பர்ல கோர்ட்டு குற்றவாளி இல்லைன்னு விடுதலை பண்ணுச்சு, அக்டோபர்ல தடைய எடுத்தாங்க. பதினோரு மாசம் போச்சு, ஒரு ஆட்டக்காரனுக்குப் பதினோரு மாசம்ங்குறது பெரிய காலம். "அத யாரு திருப்பிக் குடுப்பா?"ன்னு காலைல கடைல ஒரு தம்பி கேட்டான், நியாயமான கேள்வி.

இதுக்கு நமக்குத் தெரிஞ்ச வழியே ஒண்ணு இருக்கு. அரசு ஊழியர் ஒருத்தர் 48 மணி நேரத்துக்கு மேல போலீஸ் காவல்ல இருந்தா சஸ்பெண்ட். குத்தவாளின்னு அதுக்கு அர்த்தம் இல்ல, விசாரணை முடியிற வரைக்கும் ஒதுங்கி இருன்னு அர்த்தம், வீட்டுல அடுப்பு எரியணும்னு பிழைப்பூதியம்னு சம்பளத்துல ஒரு பங்கு குடுப்பாங்க. ரெண்டு ஒலிம்பிக் மெடல் வாங்குன மல்யுத்த வீரர் சுஷில் குமார் 2021 மே மாசம் கொலை வழக்குல கைதானப்ப, அவர் வேலை பாத்த ரயில்வே அவர சஸ்பெண்ட் பண்ணுச்சு. ரயில்வே செய்யுது, ஒரு கிளார்க்குக்கும் அதே விதிதான், ஸ்போர்ட்ஸ் லீக் மட்டும் செஞ்சா என்ன வானம் இடிஞ்சா விழும்? அமெரிக்க பேஸ்பால்ல 2015ல லீக்கும் வீரர்கள் சங்கமும் சேர்ந்து உக்காந்தே இதுக்கு விதி எழுதுனாங்க, கோர்ட்டுத் தீர்ப்புக்குக் காத்திருக்காம லீக்கே விசாரிச்சு முடிவெடுக்கலாம்னு. ஆடுறவனும் சேர்ந்து எழுதுன விதின்னா, பின்னாடி "என்னைக் குறி வச்சு அடிச்சுட்டாக"ன்னு அவன் பொலம்ப முடியாது.

அந்தக் குடும்பப் பணம்ங்குற விஷயம் ரொம்ப முக்கியம், இத யாரும் பேசுறதில்ல. ஆட்டத்த நிப்பாட்டுனா சம்பளம் நிக்கும், சம்பளம் நின்னா மொதல்ல பட்டினி கிடக்குறது அடி வாங்குன பிள்ளையும் அதோட குழந்தைகளும்தான், அந்தப் பயத்துலயே எத்தனையோ பொண்ணுங்க வாயத் தொறக்க மாட்டாங்க. அதனால வெளிய உக்கார வை, ஆனா அவன் பங்குல ஒரு பாதிய பொண்டாட்டி கையில குடு.

இன்னொண்ணு, எதுக்குத் தண்டனைங்குறதையும் சுருக்கி வைக்கணும். ஒருத்தன் யாரக் கட்டிக்கிறான், எந்தக் கட்சி, என்ன சாப்பிடுறான், ராத்திரி எங்க சுத்துறான் இதெல்லாம் லீக்குக்குச் சம்பந்தமே இல்லாதது, அதுல மூக்கை நுழைச்சா நாளைக்குப் பிடிக்காதவன எல்லாம் வெளியேத்துறதுக்கு அதையே ஆயுதமா எடுத்துருவாங்க, எங்க ஊர்ல சாதி பாத்து எடுப்பாங்க, அத நான் கண்ணால பாத்தவன். இன்னொரு மனுசன் மேல கை வச்சானா, அத்துமீறுனானா, அது மட்டும்தான் கணக்கு. குத்தம் இல்லைன்னு ஆச்சுன்னா, எந்த மைக்குல வெளியேத்துனோமோ அதே மைக்குல, அதே சத்தத்துல, கூப்பிட்டு உள்ள விடணும்.

எங்க நோட்டீஸ்ல கீழ சின்ன எழுத்துல விதிமுறைன்னு போடுவோம். குடிச்சுட்டு வர்ற வீரருக்கு அனுமதி இல்லை, ஆதார் நகல் கொண்டு வரணும், கமிட்டியின் முடிவே இறுதியானது. இந்தத் தடவை அதுல ஒரு வரி சேக்கச் சொல்லி எழுதிக் குடுத்திருக்கேன்: வீட்டிலோ வெளியிலோ பெண்கள் மீது கை நீட்டிய வீரர் எந்த அணியாக இருந்தாலும் இப்போட்டியில் இறங்க முடியாது. கமிட்டியில ரெண்டு பேரு ஒத்துக்கிட்டாக, மூணு பேரு ஊர் மானம் போயிரும்ங்குறாக. நோட்டீஸ் அச்சுக்குப் போறதுக்கு முந்தி வெள்ளிக்கிழமை சாயங்காலம் பந்தல்ல கூட்டம் இருக்கு. பொம்பளையாளுகளும் வரலாம்னு இந்தத் தடவை தண்டோரா போடச் சொல்லியிருக்கேன். அந்தப் பிள்ளையோட அப்பாவுக்கு நானே போன் பண்ணேன். வர்றேன்னாக.